ஆறு என்ற எண்ணும் நிறுத்திய மாத்திரையும்

பெயர் வேண்டாம் என்ற குறிப்போடு ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நான்கு பக்கக் கடிதம். கூடவே அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேதி வாரியாக அட்டவணை போட்டு இணைத்திருக்கிறார். சாரம் இதுதான்.

அப்பாவுக்கு வயது 61. ஹெபடைடிஸ் பி வைரஸ் பல ஆண்டுகளாக உடம்பில் இருந்தது யாருக்கும் தெரியவில்லை. வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் 4.5 சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. ஒரே கட்டி. புற்றுநோய்தான் என்று உறுதியாகி, நான்கு மாதங்களுக்கு முன் அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிட்டார்கள். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை, நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள்ளும் நுழையவில்லை என்கிறது பயாப்ஸி அறிக்கை. மீதிக் கல்லீரலில் சிரோசிஸ், அதாவது தழும்பேறி இறுகிய நிலை, இருக்கிறது. கல்லீரல் புற்றில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஏ.எஃப்.பி. என்ற புரதம் 210-லிருந்து 6-க்கு இறங்கிவிட்டது. வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மகள் என்.எல்.ஆர். என்ற விகிதத்தைப் பற்றிப் படித்திருக்கிறார். ஆபரேஷனுக்காகச் சேர்த்த அன்றைய அறிக்கையை எடுத்து, வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் 78 சதவீதத்தை லிம்ஃபோசைட் 13 சதவீதத்தால் வகுத்தால் 6 வருகிறது. 5-க்கு மேல் போனால் ஆயுள் குறைவு என்று படித்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. அதே அறிக்கையில் தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) 98,000. அதை லிம்ஃபோசைட்டால் வகுக்கும் இன்னொரு விகிதமோ ரொம்ப நன்றாக இருக்கிறது. எதை நம்புவது? இப்படி ஒரு எண் இருந்தும் கீமோ ஏன் தரவில்லை? வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்ப்போம், அழற்சியைக் குறைக்கும் காப்சூலும் வாங்கிக் கொடுப்போம் என்று தம்பி சொல்கிறாரே, செய்யலாமா? அப்பாவிடம் இதைச் சொல்லலாமா?

அப்புறம் கடிதத்தில் போகிற போக்கில் இரண்டு வரிகள் வருகின்றன. ஒன்று, ஆபரேஷனுக்காகச் சேர்த்த அன்று அப்பாவுக்குக் காய்ச்சலும் சளியும் இருந்ததால் ஆன்டிபயாடிக் கொடுத்து, ஆபரேஷனை இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள் என்பது. இரண்டாவது, "கட்டிதான் போய்விட்டதே என்று என்டெகாவிர் மாத்திரையை ஐந்து வாரமாக நிறுத்தியிருக்கிறோம்" என்பது.

அன்புச் சகோதரிக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் மாத்திரை

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். அப்பாவைப் பார்க்கும் மருத்துவரை இன்றைக்கே கூப்பிட்டு, என்டெகாவிர் ஐந்து வாரமாக நின்றுபோயிருக்கிறது என்று சொல்லுங்கள். திட்டுவார்களோ என்ற தயக்கம் வேண்டாம். இந்தத் தவறைச் செய்யும் குடும்பங்களை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம், அதில் பாதிப் பழி சரியாக விளக்காத மருத்துவர்களான எங்களுக்குத்தான்.

என்டெகாவிர் புற்றுநோய்க்கான மருந்து இல்லை. கட்டி வளர்ந்த நிலத்தில் இன்னும் இருக்கிற வைரஸை அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. கட்டியை வெட்டி எடுக்கலாம், வைரஸை வெட்டி எடுக்க முடியாது. மாத்திரையை நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறுபடி பெருகலாம். அப்போது உடம்பின் எதிர்ப்பு சக்தி வைரஸ் இருக்கும் கல்லீரல் செல்களைத் தாக்கும். நல்ல கல்லீரல் அதைத் தாங்கிக்கொள்ளக்கூடும். ஒரு பகுதியை இழந்த, மீதியில் சிரோசிஸ் உள்ள கல்லீரலுக்கு அது உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். கண்ணில் மஞ்சள், சிறுநீர் அடர்ந்த நிறம், வயிறு உப்பல், தூக்கக் கலக்கம் அல்லது குழப்பம் ஏதாவது தெரிந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்க்கிறேன். கூடவே கல்லீரல், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் பிலிருபின், ஏ.எல்.டி., ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் பரிசோதனைகளையும் ரத்தத்தில் வைரஸ் அளவையும் பார்ப்பார்கள். சிறுநீரகத்தின் நிலைக்கு ஏற்ப அளவு மாறும் மருந்து இது. அதனால் வீட்டில் மிச்சம் இருப்பதை நீங்களாக எடுத்துக் கொடுக்காமல் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி விட்டு, வெறும் வயிற்றில் போட வேண்டும் என்பதும் பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

சரி, இப்போது உங்கள் எண்ணுக்கு வருகிறேன்.

அந்த 6 எங்கிருந்து வந்தது

என்.எல்.ஆர். என்பது சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையில் நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்து வரும் எண். தனிப் பரிசோதனை வேண்டாம், ஒரு வகுத்தல் போதும். அதனால்தான் இதன்மேல் ஆய்வாளர்களுக்கு இவ்வளவு ஆசை. இதன் பின்னால் நியாயமும் இருக்கிறது. புற்றுக்கட்டிக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே விர்ச்சோ என்ற ஜெர்மன் மருத்துவர் கவனித்தார். நாள்பட்ட அழற்சி உள்ள உடம்பில் நியூட்ரோஃபில்கள், கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் வளர உதவும் பொருள்களைச் சுரக்கின்றன. லிம்ஃபோசைட்டுகளில் ஒரு வகை புற்றுச் செல்லைத் தேடிக் கொல்லும். முதலாவது அதிகமாகவும் இரண்டாவது குறைவாகவும் இருந்தால் தராசு கட்டியின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆபரேஷனுக்கு முன் என்.எல்.ஆர். கூடுதலாக இருந்தவர்களுக்குச் சராசரியாகப் பார்த்தால் நோய் திரும்பி வருவதும் அதிகம், ஆயுளும் குறைவு என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. நீங்கள் படித்தது பொய் இல்லை.

ஆனால் உங்கள் அட்டவணையை என்னோடு சேர்ந்து இன்னொரு தடவை பாருங்கள். சேர்ப்பதற்கு மூன்று வாரம் முன்பு வெளி நோயாளியாக எடுத்த ரத்தத்தில் மொத்த வெள்ளணு 5,400, நியூட்ரோஃபில் 61, லிம்ஃபோசைட் 28. வகுத்தால் 2.2. காய்ச்சலோடு சேர்த்த அன்று மொத்தம் 11,200, நியூட்ரோஃபில் 78, லிம்ஃபோசைட் 13. உங்களைத் தூங்கவிடாத 6 அதுதான். இப்போது சதவீதத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையாக மாற்றுங்கள். முதல் நாள் லிம்ஃபோசைட் 1,512. காய்ச்சல் நாளில் 1,456. கிட்டத்தட்ட அதே அளவுதான். நியூட்ரோஃபில் மட்டும் சுமார் 3,300-லிருந்து 8,700-க்கு எகிறியிருக்கிறது. கிருமி நுழைந்ததும் நியூட்ரோஃபில் இப்படித்தான் திரண்டு வரும், அதன் வேலையே அது. அந்த 6 சொன்னது அப்பாவின் நெஞ்சுச் சளியைப் பற்றி. கட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் 86-க்கு 7, அதாவது 12 தாண்டியது என்று சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். அதையும் அழித்துவிடுங்கள். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கு எடுத்தாலும் நியூட்ரோஃபில் ஏறி லிம்ஃபோசைட் இறங்கியிருக்கும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. என்ற புரதமும் இரண்டு மூன்று நாளில் உச்சிக்குப் போய்விட்டு இறங்கும். ஸ்டீராய்டு ஊசி போட்டாலும் இதே கதைதான். கடைசியாகப் போன மாதம் எடுத்ததில் 59-க்கு 29, அதாவது 2. அதற்கு நீங்கள் வட்டமே போடவில்லை.

5 என்ற கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய்க்கு இருப்பதுபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லை என்.எல்.ஆருக்குக் கிடையாது. 2-க்குப் பக்கத்தில் கோடு கிழித்த ஆய்வு உண்டு, 5-இல் கிழித்ததும் உண்டு. பெரும்பாலும் அந்தந்த மருத்துவமனையின் பழைய நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்து, எங்கே வெட்டினால் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறதோ அங்கே கோடு போடுகிறார்கள். சட்டையைத் தைத்துவிட்டு அதற்கேற்ற ஆளைத் தேடுகிற மாதிரி என்று என் ஆசிரியர் ஒருவர் கிண்டல் செய்வார். நீங்கள் படித்த 5, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆய்வுகளிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். 2017-இல் வெளியான மோரல் என்ற மதிப்பெண் முறையில் என்.எல்.ஆர். 5 அல்லது அதற்கு மேல், ஏ.எஃப்.பி. 200-க்கு மேல், கட்டி 3 சென்டிமீட்டருக்கு மேல் என்று மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். அது கல்லீரலையே மாற்றிக்கொண்டவர்களுக்கான கணக்கு. உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேறு.

நான் படித்த காலத்தில் கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் நூறு வெள்ளணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவோம். 78-க்கு 13 என்றால் 6. மூன்று அணுக்கள் மட்டும் இடம் மாறி 75-க்கு 16 என்று எண்ணியிருந்தால் 4.7, அதே ஆள் பயக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். இன்று இயந்திரம் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது, எண்ணும் பிழை குறைவு. ஆனால் உடம்பு அப்படியே நிற்பதில்லை. புகை, சர்க்கரை நோய், உடல் பருமன், ஒரு ராத்திரித் தூக்கமின்மை எல்லாமே இந்த விகிதத்தைக் கொஞ்சம் அசைக்கும்.

நல்லதாகத் தெரிந்த எண்தான் கவலைக்குரியது

6-ஐப் பார்த்துப் பயந்தீர்கள், தட்டணு விகிதம் 67 என்று வந்ததும் ஆறுதல் அடைந்தீர்கள். இரண்டும் தலைகீழ். அந்த விகிதம் குறைவாக வந்ததற்குக் காரணம் அழற்சி இல்லாதது அல்ல, தட்டணுவே குறைவாக இருப்பதுதான். சிரோசிஸில் கல்லீரல் இறுகும்போது குடலிலிருந்து வரும் ரத்தம் வழியில்லாமல் தேங்குகிறது, மண்ணீரல் வீங்குகிறது, வீங்கிய மண்ணீரல் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 98,000 என்பது அந்த அழுத்தம் ஏறியிருப்பதற்கான சாட்சியாக இருக்கலாம். தட்டணு மேலும் குறையக் குறைய விகிதம் அழகாகிக்கொண்டே போகும், கல்லீரல் மோசமாகிக்கொண்டே போகும்.

அட்டவணையின் ஓரத்தில் நீங்கள் போட்டிருக்கும் எஸ்.ஐ.ஐ. கணக்குக்கும் இதே கதி. தட்டணுவை நியூட்ரோஃபிலால் பெருக்கி லிம்ஃபோசைட்டால் வகுக்கும் இந்தக் குறியீடு 2014-இல் சீனாவின் ஷாங்காய் மருத்துவர்கள், கல்லீரல் கட்டியை வெட்டி எடுத்த நோயாளிகளை வைத்தே உருவாக்கியது. அவர்கள் போட்ட கோடு 330. அப்பாவின் காய்ச்சல் நாள் கணக்கு 588, அதற்கு மூன்று வாரம் முன்பு சுமார் 214. ஒரே ஆள், ஒரே கட்டி, ஒரு மாதத்துக்குள் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். சி.ஆர்.பி.யையும் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் வைத்துப் போடும் மதிப்பெண்களும் இருக்கின்றன. அவை இரண்டையும் தயாரிப்பதே கல்லீரல்தான் என்பதால், அல்புமின் குறைந்தால் அது அழற்சியாலா, கல்லீரல் தளர்ந்ததாலா என்று தனியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஆகவே அடுத்த தடவை போகும்போது கேட்க வேண்டிய கேள்வி இது: "தட்டணு 98,000 இருக்கிறதே, உணவுக் குழாயில் ரத்த நாளம் புடைத்திருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி பார்த்தாயிற்றா?" பார்த்திருந்தால் நல்லது, ஆபரேஷனுக்கு முன்பே செய்திருக்கவும் கூடும். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்வார்கள். அப்படிப் புடைத்த நாளம் வெடித்து ரத்த வாந்தி வருவதைத் தடுக்க மருந்து இருக்கிறது, கட்டுப் போடும் முறையும் இருக்கிறது.

கீமோ ஏன் தரவில்லை

மறந்துபோய் விட்டுவிடவில்லை. கல்லீரல் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்தபின் வழக்கமான கீமோ தருவதில் பலன் நிரூபணம் ஆகவில்லை. சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2015-இல் வந்தது, நோய் திரும்புவது தள்ளிப்போகவில்லை. பிறகு அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு ஊசி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2023-இல் பெரிய நம்பிக்கை தந்தது. இன்னும் கொஞ்ச காலம் தொடர்ந்து கவனித்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. அந்த ஆய்விலும்கூட, கட்டியின் அளவு, எண்ணிக்கை, ரத்தக் குழாய் ஊடுருவல் போன்றவற்றைப் பார்த்துத்தான் அபாயம் அதிகம் உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், என்.எல்.ஆரை வைத்து இல்லை. அது 6 ஆனாலும் 2 ஆனாலும் இன்று உங்கள் அப்பாவுக்குச் சிகிச்சையில் எதுவும் மாறியிருக்காது.

அப்படியானால் எதை வைத்துத்தான் எதிர்காலத்தைக் கணிக்கிறோம்? நீங்கள் கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போன பயாப்ஸி அறிக்கையை வைத்து. ஒரே கட்டி, ஓரம் சுத்தம், நுண்குழாய் ஊடுருவல் இல்லை, ஏ.எஃப்.பி. இயல்புக்கு வந்துவிட்டது. இந்த நான்கும் எந்த விகிதத்தைவிடவும் கனமான சாட்சிகள். அதற்காக எல்லாம் முடிந்தது என்று நான் சொன்னால் அது பொய்யாகிவிடும். கல்லீரல் புற்றுக்கு ஆபரேஷன் செய்தவர்களில் 70 சதவீதம் பேர் வரை ஐந்து ஆண்டுக்குள் மறுபடி கட்டி வரலாம். முதல் இரண்டு ஆண்டுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து ஏற்கெனவே சிதறிப்போன செல்களால். அதற்கான வாய்ப்பு அப்பாவின் பயாப்ஸி அறிக்கைப்படி குறைவு. அதற்குப் பின்னால் வருவது பெரும்பாலும் புதிதாக முளைப்பது, வைரஸும் சிரோசிஸும் உள்ள கல்லீரல் தானாக உண்டாக்குவது. நிறுத்திய மாத்திரை இங்கேதான் வருகிறது. வைரஸை அடக்கி வைத்தவர்களுக்குக் கட்டி திரும்புவது குறைகிறது, ஆயுளும் கூடுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. நடந்து முடிந்த ஒரு நாளின் என்.எல்.ஆரை உங்களால் மாற்ற முடியாது. மாத்திரை உங்கள் கையில் இருக்கிறது.

வாராவாரம் ரத்தம், காப்சூல்

தம்பியின் அக்கறை புரிகிறது. ஆனால் வாராவாரம் ரத்தம் எடுத்தால் ஒரு வாரம் 1.9, ஒரு வாரம் 2.8, சளி பிடித்த வாரம் 4 என்று வரும். ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு ராத்திரி தூக்கம் போகும். கட்டி திரும்பியதா என்று அந்த எண் காட்டித் தராது, ஸ்கேன்தான் காட்டும். சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கூடவே ஏ.எஃப்.பி. என்பது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. கட்டி சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் மறுபடி ஆபரேஷன், சூடாக்கி எரிப்பது, கல்லீரல் மாற்று என்று வழிகள் திறந்திருக்கும். நான்கு மாதம் ஆகிவிட்டதே, முதல் ஸ்கேன் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

காப்சூல் வேண்டவே வேண்டாம். "அழற்சியைக் குறைக்கும்" என்று விற்கும் செறிவூட்டிய மூலிகைச் சாறுகளால் நல்ல கல்லீரலே பழுதானவர்களை நாங்கள் பார்க்கிறோம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாராவது யோசனை சொல்லக்கூடும் என்பதால். அழற்சிதானே என்று ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து கொடுக்காதீர்கள். சிரோசிஸ் உள்ளவருக்கு அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்தக் கசிவையும் உண்டாக்கும். மது அறவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கட்டும்.

எல்லா அறிக்கைகளின் நகலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள உங்கள் அப்பாவுக்கு உரிமை உண்டு. பயாப்ஸி அறிக்கையோடு வேறொரு கல்லீரல் மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேட்பதிலும் தவறில்லை. ஆனால் என்.எல்.ஆர். 6 என்ற காரணத்துக்காக மட்டும் போகாதீர்கள்.

அப்பாவிடம் சொல்வது

சொல்லுங்கள். மகள் அறிக்கைகளை வைத்துக்கொண்டு ராத்திரி விழித்திருப்பது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரிந்தும் தெரியாதவர்போல் இருப்பவர்கள் அதிகம் கற்பனை செய்துகொள்கிறார்கள். "காய்ச்சல் நாளில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன், அது சளியினால் வந்ததாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். மாத்திரை விஷயத்தைச் சிரிக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அதைத் தினமும் விழுங்கப்போகிறவர் அவர். ஏன் என்று தெரிந்தவர் விடமாட்டார்.

பேச்சு நடக்கும்போது தம்பியும் இருக்கட்டும். ஹெபடைடிஸ் பி ரத்தம் வழியாகவும் உடலுறவு வழியாகவும் பரவுவது, தாயிடமிருந்து பிரசவத்தில் பிள்ளைக்கும் வருவது. அம்மா, நீங்கள், தம்பி மூவரும் வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையும் எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வைரஸும் இல்லை, எதிர்ப்பும் இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இருக்கிறது என்று தெரிந்தால், அப்பாவுக்குக் கட்டியாகத் தெரிந்தது உங்களுக்கு வைரஸாக இருக்கும்போதே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அட்டவணையைத் தூக்கிப் போட வேண்டாம், இவ்வளவு ஒழுங்காக எழுதி வைக்கும் மகள் கிடைப்பது மருத்துவருக்கும் பாக்கியம்தான். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அன்று காய்ச்சல், ஊசி, ஆபரேஷன் ஏதாவது இருந்ததா என்று ஒரு சொல் எழுதுங்கள். தட்டணுவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டு, 'வைரஸ் அளவு' என்று தலைப்பு வையுங்கள். இதுவரை உங்கள் தாளில் அதற்கு இடமே இல்லை.